அரசாங்கம் தந்த கம்பம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அரசாங்கம் கேட்டுத் தந்தது என்று எதுவும் எனக்கு ஞாபகமில்லை. கேட்காமல் தந்தது பொலிஸை மட்டும்தான். யுத்த காலத்தில் வந்து கதவைத் தட்டி, அடையாள அட்டை எங்கே, பதிவு எங்கே, இந்தப் பெடியன் யார் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வளர்ந்தவள் நான். அதனால் குற்றத் தடுப்புக்கென்று அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, அதில் எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு பங்கு வருகிறது என்று என் தம்பி குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"பொலிசுக்குக் காசு குடுக்கிறதெண்டா குடுக்கட்டும். அதுக்கு நீ ஏன்டா துள்ளுற?"

"பொலிசுக்கில்ல அக்கா, எங்களுக்கு. சனம் என்ன கேக்குதோ அதைச் செய்து தருவாங்களாம்."

"சனம் கேக்கிறதைச் செய்யிற அரசாங்கம் எந்த நாட்டில இருக்கு? எனக்கும் சொல்லு, நானும் போய் இருக்கிறன்."

"உங்களோட கதைக்க ஏலாது" என்று சிரித்துக்கொண்டே சோற்றில் குழம்பை ஊற்றினான்.

அவனுக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் அப்படித்தான். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. நான் வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் நிற்கிறேன். காலையில் பஸ் ஏறினால் பின்னேரம் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு. அந்தச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து அவனுக்கு ஒரு சிவப்புத் திரீவீலர் எடுத்துக் கொடுத்தேன். ஒழுங்கை முனையில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருப்பான். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே பொலிஸ் நிலையத்தில் தெருத் தெருவாகப் பாதுகாப்புக் குழு அமைத்தபோது, எங்கள் ஒழுங்கைக் குழுவுக்கு அவனைச் செயலாளராகப் பிடித்துப் போட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் எழும்பி நின்று கதைக்கப் பயந்தவர்கள், அதுதான் உண்மை.

அவன் அதில் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஒழுங்கை முனையில் ஐஸ் என்கிற போதைத்தூள் விற்கிறவர்கள் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடே பிள்ளைகள் அவர்களிடம் போய் நின்றார்கள். இவனோடு கிரிக்கெட் அடித்த ஒருவன் அந்தத் தூளால் எலும்பும் தோலுமாகி, தாயின் தாலிக்கொடியையே கொண்டுபோய் விற்றுவிட்டான். அதைப் பார்த்த நாளிலிருந்து என் தம்பிக்கு இந்தக் குழு, கூட்டம், விண்ணப்பம் எல்லாம் தலைக்கேறிவிட்டது. சவாரியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போவான். நான் திட்டுவேன். "நாங்களே பேசாம இருந்தா வேற ஆர் அக்கா கேக்கிறது?" என்பான். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் திட்டுவேன்.

அவனுடைய நச்சரிப்புத் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். சமூகப் பொலிஸ் வேலைக்குப் பொறுப்பான சார்ஜன் வந்திருந்தார். நல்ல மனுசன், சும்மா சொல்லக்கூடாது. முதலில் சனம் சொல்லட்டும் என்று சிங்களத்தில் கேட்டார், என் தம்பி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான். பெண்கள் எல்லாரும் ஒரே வாயாக லைட் வேண்டும் என்றார்கள். ஒழுங்கையின் பின்பக்கம் இருட்டுக் கசம், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளைக் கூட்டிவர ஆள் போகவேண்டியிருக்கிறது. சார்ஜன் தலையை ஆட்டினார். லைட் மாநகரசபையின் கணக்கில் வருவது, இந்தப் பணத்தில் செய்ய முடியாது என்றார். பிறகு தாலிக்கொடியைப் பறிகொடுத்த அந்தத் தாய் எழும்பி, தூள் குடிக்கிற பிள்ளைகளை வைத்துப் புத்தி சொல்ல ஒரு அறையும் ஒரு டொக்டரும் தரமாட்டீர்களா என்று கேட்டாள். அது சுகாதாரத்தின் கணக்கு அம்மா என்றார். அப்படியென்றால் இந்தப் பணத்தில் என்னதான் வரும் என்று கேட்டதற்கு, கமரா வரும் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கமராதான் தருவீங்க எண்டா எங்களை ஏன் கேட்டனீங்க? நேர கொண்டுவந்து பூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்று தமிழில் சத்தமாகவே சொன்னேன். சார்ஜன் என் தம்பியைப் பார்த்தார். அந்தக் கள்ளன் எழும்பி நின்று, "அக்கா உங்களுக்கு நன்றி சொல்கிறா சேர்" என்று சிங்களத்தில் மொழிபெயர்த்தான். சார்ஜன் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். தமிழ் தெரிந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள், நானும் சிரித்துவிட்டேன்.

ஆறேழு மாதத்தில் உண்மையாகவே வந்துவிட்டது. ஒருகொடவத்தை இரும்பு யாட் ஒன்றிலிருந்து லொறியில் ஒரு நெட்டை இரும்புக் கம்பம் வந்தது. மாதா சொரூபத்துக்கு எதிரே குழி வெட்டி நட்டார்கள். உச்சியில் வெள்ளைக் கூண்டுக்குள் கமரா. கம்பத்தில் மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை, குற்றத் தடுப்புத் திட்டம், அரசாங்க நிதி என்று. திறப்பு விழாவுக்குக் கிரிபத் என்கிற பாற்சோறு கிண்டி, குத்துவிளக்கு வைத்து, பெரிய அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். என் தம்பி இஸ்திரி போட்ட சேட்டோடு ஓடி ஓடிக் கதிரை போட்டான். ஐஸ் விற்றவர்கள் அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டார்கள். பெரிய தூரமில்லை, கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் அவனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். எனக்கும் உள்ளுக்குள்ளே பெருமைதான். அதை அவனுக்குக் காட்டவில்லை.

இனி எங்கள் ஒழுங்கையின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மாதா திருநாளுக்குக் கொடி கட்டுவது எங்கள் சைவப் பெடியன்கள். ஆடிவேலுக்கு வாழையும் தோரணமும் கட்டுவது வேதக்காரப் பெடியன்கள். யார் எப்போது தொடங்கியது என்று தெரியாது, ஆனால் மாறிச் செய்தால் வீட்டுக்கு வீடு கோபம் வரும். கொடி கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒழுங்கையில் எது உயரமோ அதிலிருந்துதான் கயிறுகளை நாலா பக்கமும் இழுக்கவேண்டும். முன்பெல்லாம் லைட் போஸ்டில் கட்டி, மின்சாரக்காரர் வந்து ஏசி, அவிழ்த்து, திரும்பக் கட்டி, ஒரே அமளிதுமளி. இந்த முறை அந்தத் தொல்லை இல்லை. அரசாங்கமே அளவெடுத்துத் தந்தது மாதிரி, மாதாவுக்கு நேரெதிரே நல்ல உயரமான கம்பம்.

நீலமும் வெள்ளையுமாக ஆயிரக்கணக்கில் பொலித்தீன் கொடிகள். ஏணியில் ஏறி உச்சியில் கயிறுகளை முடிந்தவன் என் தம்பிதான். ஏறினவனும் யோசிக்கவில்லை, கீழே நின்று கயிறு நீட்டினவர்களும் யோசிக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த சார்ஜன்கூட அண்ணாந்து பார்த்து, "ஷா, லஸ்ஸனாய் மல்லி", அழகாயிருக்கு தம்பி, என்று சொல்லிவிட்டு, முனையில் இருக்கிற முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். வேலை முடிந்து வந்த நானும் அண்ணாந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

திருநாளுக்கு முதல் கிழமை, ஒரு பட்டப்பகலில், இரண்டு தெரு தள்ளி ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பாதாளக் கோஷ்டிகளுக்குள்ளே ஏதோ பழி. சுட்டவன் சிவப்புத் திரீவீலரில் வந்து அதிலேயே போனான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொழும்பில் சிவப்புத் திரீவீலருக்கா பஞ்சம்? ஆனால் அது எங்கள் ஒழுங்கைப் பக்கமாகத் திரும்பியது என்றும் சொல்லியிருக்கிறார்கள். பின்னேரம் ஒரு விசேட பொலிஸ் குழு ஜீப்பில் வந்து என் தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் கடையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குக் கூறைச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. விரித்த சேலையை மடிக்காமலே செருப்பைத் தேடினேன்.

பொலிஸ் நிலையத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். பயந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் எனக்குத் தைரியம் சொன்னான்.

"நான் அந்த நேரம் எங்கட முனையில திரீவீலருக்குள்ள நித்திரை அக்கா. பகல் சாப்பிட்டுட்டுப் படுத்தனான். கமராவுக்கு நேர கீழதான். அதைப் பாத்தாங்கண்டா விட்டிடுவாங்க. நீங்க அழாம வீட்டுக்குப் போங்க."

கொடி அவனுக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

சார்ஜனிடம் ஓடினேன். அவருக்கு என் தம்பியைத் தெரியும், எப்படிப்பட்டவன் என்று தெரியும். ஆனால் வழக்கு அவர் கையில் இல்லை, விசேட குழுவின் கையில். அந்த மனுசன் தன் மேலதிகாரியிடம் கெஞ்சி, அடுத்த நாள் என்னையும் வழக்கறிஞரையும் அந்தப் பதிவைப் பார்க்க விட்டார். ஒரு சின்ன அறை, மேசையில் ஒரு திரை, அதன்மேல் தூசி. இதை யார் பார்க்கிறது என்று வழக்கறிஞர் கேட்டார். கமரா வாங்கத்தான் பணம் வந்தது, இருந்து பார்க்கிற ஆளுக்கு வரவில்லை என்றார் சார்ஜன். விசேட குழு ஆட்களும் அதற்குள்ளேயே பார்த்துவிட்டார்களாம், ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார்களாம்.

அந்த நேரத்துக்குப் பதிவைக் கொண்டுவந்து ஓடவிட்டார். திரை முழுக்க நீலமும் வெள்ளையும். கொடி, கொடி, கொடி. காற்றுக்குப் படபடவென்று ஆடுகின்றன. தெருவும் இல்லை, மாதாவும் இல்லை, திரீவீலரும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஐயோ, இவன் கட்டின கொடியடா இது" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். சார்ஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தவேண்டாம், முழுவதும் ஓடட்டும் என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நல்ல காற்று ஒன்று அடித்தது. கொடிகள் எல்லாம் ஒரு பக்கமாக எழும்பின. கீழே சிவப்பில் ஒரு துண்டு, அதன் பக்கத்தால் வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு பாதம். ஒரு குதிக்கால் மற்றக் காலின் மேற்புறத்தை மெல்லத் தேய்த்தது. பிறகு கொடிகள் இறங்கிவிட்டன.

"அது என்ட தம்பி!" என்று எழும்பிவிட்டேன். நுளம்பு கடித்தால் அவன் கையால் சொறிய மாட்டான், கண்ணைத் திறக்காமல் ஒரு காலால் மற்றக் காலைத் தேய்ப்பான். சின்ன வயதில் ஒரே பாயில் அவன் பக்கத்தில் படுத்து, அந்தத் தேய்ப்பு என் நித்திரையைக் குழப்பி, எத்தனையோ தரம் உதைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா? திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னேன். பாவம், அவரும் சலிக்காமல் போட்டார். கடைசியில், "அக்கே, எனக்கும் அது மல்லி என்றுதான் மனசு சொல்லுது. ஆனால் காலை வைத்து ஆளைச் சொல்ல முடியாதே" என்றார். நம்பர் தகடு தெரியவில்லை, முகம் தெரியவில்லை. வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

நீதிமன்றத்தில் அதையும் சொல்லிப் பார்த்தோம். பாதம் என்றதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரித்தவன் முகத்தைக் கண்டால் இன்றைக்கும் அறைவேன். துப்பாக்கி சம்பந்தப்பட்ட வழக்கு, பிணை லேசில் வராது. விளக்கமறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள்.

தேத்தண்ணிக் கடை நானா கண்டிருந்தார். கடை வாசலில் நின்று அவன் படுத்திருந்ததைக் கண்ணால் கண்டதாக என்னிடம்தான் சொன்னார். வந்து நீதிமன்றத்தில் சொல்லுங்கள் என்று அவர் காலில் விழாத குறை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே அழுதார். "நான் கண்டது உண்மதான் மகள், அல்லா மேல ஆணை. ஆனா சுட்டவங்க யாரெண்டு ஊருக்கே தெரியும். அவன் இல்லயெண்டு நான் சொன்னா, அப்ப யாரெண்டு என்னக் கேப்பாங்க. என்ட ஊட்டில மூணு பொம்புளப் புள்ளைகள் ஈக்கிறாங்க." எனக்குக் கோபம் வந்தது. அவருடைய மூத்த மகளின் கல்யாணச் சேலையை நான்தான் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன், அது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். இப்போதும் அவர் கடையில் தேத்தண்ணி குடிப்பதில்லை. அவர்மேல் பிழை என்றும் சொல்லமாட்டேன்.

மாதங்கள் போயின. தவணை, திரும்பத் தவணை. திரீவீலரைப் பொலிஸ் முற்றத்தில் மழையில் விட்டிருந்தார்கள். திருநாளும் போய், கொடிகளையும் அவிழ்த்து, கமரா எல்லாவற்றையும் துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிணைக்கு மேல்நீதிமன்றத்தில் மனுப் போட வழக்கறிஞர் ஒரு நன்னடத்தைக் கடிதம் கேட்டார், பாதுகாப்புக் குழுவே தந்தால் மதிப்பு என்றார். அதைக் கேட்கத்தான் நான் அடுத்த கூட்டத்துக்குப் போனேன்.

அதே மண்டபம், அதே சின்னக் கதிரைகள். கொடுத்த பணத்தால் பலன் கிடைத்ததா என்று பார்க்க அமைச்சிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். அவர் முன்னால் நின்று சிங்களத்தில் வாசித்தார், எனக்குப் பேசத்தான் வராது, கேட்டால் விளங்கும். இந்தப் பகுதியில் கமரா பூட்டிய பிறகு போதைப்பொருள் விற்பனை குறைந்திருக்கிறது, அண்மையில் நடந்த கொலையோடு சம்பந்தப்பட்ட சந்தேகநபர் ஒருவரும் இந்த ஒழுங்கையிலேயே பிடிபட்டிருக்கிறார், திட்டம் வெற்றி, அதனால் இரண்டாம் கட்ட நிதிக்குச் சிபாரிசு செய்கிறோம் என்றார்.

சனம் கைதட்டியது. பெரிய ஆட்கள் பேச்சை நிறுத்தினால் எங்கள் ஆட்கள் கைதட்டுவார்கள், அது ஒரு பழக்கம். பாதியில்தான் அவர்களுக்கு உறைத்தது. ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை மடியில் வைத்தார்கள். முன்வரிசையில் என்னைத் தெரியாத இரண்டு பேர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழும்பினேன். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், "ஏ மகே மல்லி சேர்" என்றேன். அது என் தம்பி. இந்தக் கமராவைக் கேட்டு எழுதினவன் அவன், உங்களுக்குக் கதிரை போட்டவன் அவன், அவன் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அதற்கு மேல் சிங்களம் வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்காக எழும்பி மொழிபெயர்க்க அங்கே யாரும் இல்லை. அதிகாரி சார்ஜனின் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு, வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது அம்மா, இங்கே அதைக் கதைக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னார். எல்லாரையும் தேத்தண்ணிக்கு எழும்பச் சொன்னார்கள். கடிதம் கேட்டதற்கு, வழக்கு முடியும்வரை குழு கடிதம் தருவது சரியில்லை என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவனைப் பார்க்கிற முறை. சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தவேண்டும். மெலிந்து கறுத்துப்போயிருந்தான். பகலில் இப்போது நித்திரை வருவதில்லை என்றான். கடிதம் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"ரெண்டாவது காசு வருமெண்டு சொன்னவங்க. கமிட்டிக்குக் கிடைச்சிட்டுதா அக்கா?"

"ஓம், கிடைக்குமாம்."

வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "உண்மையாவா? என்னத்தக் காட்டி எடுத்தவங்க?"

வாய் திறந்தால் யாருக்கும் பயப்படாதவள் நான். பக்கத்தில் ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அவன் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, வலையில் வாயை வைத்துத் திரும்பவும் கேட்டான்.

"சண்டை சச்சரவு ஒண்டும் இல்லையாம். எங்கட ஒழுங்கை நல்லா இருக்காம். அதைக் காட்டித்தான்" என்றேன்.

அவன் சிரித்தான். பிடிபட்ட நாளிலிருந்து அவன் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். "அப்ப இந்த முறை லைட்டுக்குத்தான் எழுதவேணும். நான் வாறவரைக்கும் ஒருத்தரையும் எழுத விடாதீங்க" என்றான்.